லைசென்ஸ் வாங்கிய மகனிடம் கார் சாவியை எப்போது கொடுக்கலாம்?

"மகனுக்கு 18 வயது. லைசென்ஸ் வாங்கி மூன்று வாரம் ஆகிறது. முதல் தடவையிலேயே தேர்வில் தேறிவிட்டான், கை நன்றாகப் பழகிவிட்டது. வருகிற சனிக்கிழமை இரவு நண்பர்கள் மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு ஒரு நிகழ்ச்சிக்குப் போகக் காரைக் கேட்கிறான். கொடுக்கலாமா? வழுக்கும் சாலையில் ஓட்டச் சொல்லிக்கொடுக்கும் அட்வான்ஸ்டு கோர்ஸ் ஏதாவது ஒன்றில் சேர்த்துவிட்டால் பயமில்லாமல் அனுப்பலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

இந்தச் சனிக்கிழமை கொடுக்க வேண்டாம். காரணத்தை விரிவாகவே சொல்கிறேன். இதே கேள்வி அடுத்த மாதமும் அதற்கடுத்த மாதமும் உங்கள் வீட்டில் வரும். அப்போது நீங்களும் மகனும் உட்கார்ந்து பேசி முடிவெடுக்க அது உதவும்.

நான் இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஓட்டுநர் பயிற்சி கொடுத்துவருகிறேன். என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் 17, 18, 19 வயதுக்காரர்கள். வண்டியை இயக்குவதை அவர்கள் கற்றுக்கொள்கிற வேகம் எனக்கு இன்றும் வியப்புதான். கிளட்சை விடுகிற பக்குவம், ஸ்டியரிங்கை அளவாக ஒடிப்பது, ரிவர்ஸ் எடுத்து நெருக்கமான இடத்தில் நிறுத்துவது எல்லாம் சில வாரங்களில் வந்துவிடும். பெற்றோர் ஏமாந்துபோவதும் இங்கேதான். பிள்ளையின் கை பழகியதைப் பார்த்துவிட்டு, கண்ணும் பழகிவிட்டது என்று நினைத்துவிடுகிறோம். கண் பழக மாதக்கணக்கில் ஆகும்.

ஒரு மாணவியைப் பற்றிச் சொல்கிறேன். வண்டி துளிகூடக் குலுங்காமல் ஓட்டுவாள். ஒரு நாள் சாலையோரம் நின்றிருந்த வேன் ஒன்றைக் கடக்கப் போனோம். வேனுக்கு அடியில், அந்தப் பக்கத்தில் இரண்டு சின்னக் கால்கள் எனக்குத் தெரிந்தன. அவள் வேகத்தைக் குறைக்கவே இல்லை. என் பக்கத்துப் பிரேக்கை நான் மிதித்து வண்டி நிற்கவும், அந்தக் குழந்தை ஓடிவந்து சாலையைக் கடக்கவும் சரியாக இருந்தது. ஓரமாக நிறுத்தச் சொல்லி, "வேனுக்கு அடியில் கால் தெரிந்ததே, பார்க்கலையாம்மா?" என்று கேட்டேன். "வேனையே நான் கவனிக்கலையே சார்" என்றாள். பொய் சொல்லவில்லை. தன் முன்சக்கரம் கோட்டுக்குள் இருக்கிறதா என்பதில்தான் அவள் கண் முழுக்க இருந்தது.

இது அவளுடைய குறை இல்லை, புதிதாக ஓட்டுகிற எல்லோருக்கும் உள்ளது. 1970-களின் தொடக்கத்திலேயே அமெரிக்காவின் ஓஹையோவில் ஆய்வாளர்கள் ஓட்டுநர்களின் கண் அசைவைப் பதிவு செய்து பார்த்தார்கள். அனுபவசாலிகளின் பார்வை தூரத்திலும் இருபுறமும் கண்ணாடிகளிலும் மாறி மாறிப் போய்வந்தது. புதியவர்களின் பார்வை வண்டிக்குச் சற்று முன்னாலேயே நின்றது, கண்ணாடிகளை அவ்வளவாகத் தொடவில்லை. இதைத் தனியாகச் சோதிக்க வேண்டும் என்பதற்காகத்தான் பிரிட்டனில் 2002 நவம்பரிலிருந்து லைசென்ஸ் தேர்வில் ஒரு வீடியோ பகுதியைச் சேர்த்தார்கள். சாலைக் காட்சி ஓடும், ஆபத்து உருவாகத் தொடங்குகிற கணத்தில் பட்டனைச் சொடுக்க வேண்டும். சீக்கிரம் கண்டுபிடித்தால் மதிப்பெண் அதிகம்.

இதை வீட்டிலேயே பழக்க ஒரு வழி இருக்கிறது. ஓட்டும்போது பார்ப்பதை எல்லாம் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஓட்டச் சொல்லுங்கள். "முன்னால் பஸ் நிற்கிறது, யாராவது இறங்கிக் குறுக்கே வரலாம், காலை எடுக்கிறேன். பின்னால் ஒரு பைக் ஒட்டி வருகிறது, மெதுவாக பிரேக் பிடிக்கிறேன்." பிரிட்டிஷ் போலீஸ் ஓட்டுநர் பயிற்சியில் நெடுங்காலமாக உள்ள முறை இது. முதல் நாள் கூச்சமாக இருக்கும். மூன்றாம் நாள் பார்த்தால், நீங்கள் கவனிக்காததை அவன் சொல்ல ஆரம்பித்திருப்பான். எதைச் சொல்லாமல் விடுகிறானோ அதைத்தான் அவன் பார்க்கவில்லை, அதுவும் உங்களுக்குத் தெரிந்துவிடும். என்னிடம் படித்தவர்களுக்கு நான் கொடுத்தவற்றில் அதிகம் பலன் தந்தது இதுதான் என்று நம்புகிறேன்.

அப்புறம் அந்த அட்வான்ஸ்டு கோர்ஸ். பயிற்சி கொடுத்துப் பிழைக்கிற நானே இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது: கூடுதல் வகுப்பு தானாகவே விபத்தைக் குறைத்துவிடாது. 1970-களின் இறுதியில் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், டிகால்ப் கவுன்ட்டியில், ஏறக்குறைய 16,000 பள்ளி மாணவர்களைக் குலுக்கல் முறையில் பிரித்து ஒரு பெரிய பரிசோதனை நடத்தினார்கள். ஒரு பிரிவுக்கு மிக விரிவான பயிற்சி, ஒரு பிரிவுக்கு லைசென்ஸ் வாங்கத் தேவையான அளவு, ஒரு பிரிவுக்குப் பள்ளிப் பயிற்சியே கிடையாது. விரிவான பயிற்சி பெற்றவர்கள் ஆரம்ப மாதங்களில் கொஞ்சம் நன்றாகச் செய்தார்கள். போகப்போக விபத்து எண்ணிக்கையில் அந்த வித்தியாசம் மறைந்துவிட்டது.

நார்வேயில் நடந்தது இன்னும் யோசிக்க வைக்கிறது. வழுக்கும் சாலையில் ஓட்டும் பயிற்சியை அங்கே 1979-ல் புதிய ஓட்டுநர்களுக்குக் கட்டாயமாக்கினார்கள். பின்னர் ஆராய்ந்தபோது, இளம் ஆண்களிடையே வழுக்கும் சாலை விபத்துகள் குறையவில்லை, கூடியிருந்தன. வண்டி சறுக்கினால் சமாளித்துவிடலாம் என்ற தைரியம், சறுக்குகிற வேகத்துக்கே அவர்களைக் கொண்டுபோயிருக்கிறது. அதன் பிறகு அங்கே பயிற்சியின் நோக்கமே மாறியது. சமாளிக்கக் கற்றுக்கொடுப்பதை விட்டு, எவ்வளவு எளிதாகப் பிடி நழுவும் என்று உணர வைப்பதில் இறங்கினார்கள். உங்கள் மகனைச் சேர்க்க நினைக்கிற வகுப்பு எந்த வகை என்று கேட்டுப் பாருங்கள். சறுக்கலிலிருந்து மீளும் வித்தையைப் பெருமையாகச் சொன்னால் வேண்டாம்.

அப்படியானால் பயிற்சியே வேண்டாமா? வேண்டும். அடிப்படை விதி, சைகை, சந்திப்பில் யாருக்கு முன்னுரிமை, வண்டியின் இயல்பு எல்லாவற்றையும் முறையாகக் கற்றவரிடம் கற்க வேண்டும். பெற்றோரிடம் மட்டுமே கற்றால் பெற்றோரின் பிழைகளும் சேர்ந்து வரும். ஆனால் அந்த அடித்தளத்தின் மேல் எழ வேண்டியது ஓட்டிய மணிநேரம், பக்கத்தில் ஒரு பெரியவர் இருக்க ஓட்டிய மணிநேரம். சுவீடனில் 1993-ல் பழகத் தொடங்கும் வயதை 17½-லிருந்து 16 ஆகக் குறைத்தார்கள். லைசென்ஸ் கிடைக்கும் வயது பழையபடி 18 தான். அந்தக் கூடுதல் காலத்தைப் பயன்படுத்திக்கொண்டவர்கள் சராசரியாக 118 மணி நேரம் பழகினார்கள், மற்றவர்கள் ஏறக்குறைய 40 முதல் 50 மணி நேரம். நிறையப் பழகியவர்களின் விபத்து அபாயம், லைசென்ஸ் வாங்கிய பிறகு, சுமார் 40 சதவீதம் குறைவாக இருந்தது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 21 வயதுக்குக் குறைந்தவர்கள் 120 மணி நேரம் பழகிக் குறிப்பேட்டில் பதிந்தால்தான் தேர்வுக்கே போக முடியும். உங்கள் மகன் மொத்தம் எத்தனை மணி நேரம் ஓட்டியிருப்பான் என்று உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பாருங்கள். பல வீடுகளில் அந்தக் கணக்கு 25-ஐத் தாண்டாது.

இப்போது சனிக்கிழமைக்கு வருகிறேன். மகன் கேட்கிற பயணத்தில் மூன்று விஷயங்கள் ஒன்றாக வந்து நிற்கின்றன: ஓட்டிப் பழகாத முதல் மாதம், இரவு, வண்டி நிறைய நண்பர்கள். ஒவ்வொன்றும் தனித்தனியாகவே அபாயத்தைக் கூட்டக்கூடியது.

நண்பர்கள் விஷயத்தைப் பெற்றோர் பலர் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. தனியாகப் போவதைவிடக் கூட நாலு பேர் இருந்தால் பாதுகாப்பு என்று நினைக்கிறார்கள். கணக்கு நேர்மாறாக இருக்கிறது. 2012-ல் அமெரிக்காவின் ஏஏஏ சாலைப் பாதுகாப்பு அறக்கட்டளை வெளியிட்ட ஆய்வின்படி, 16, 17 வயது ஓட்டுநர் தனியாகப் போவதோடு ஒப்பிட்டால், 21 வயதுக்குட்பட்ட ஒருவர் கூட இருந்தாலே அந்த ஓட்டுநர் விபத்தில் இறக்கும் அபாயம் 44 சதவீதம் கூடுகிறது. இரண்டு பேர் என்றால் இரண்டு மடங்கு. மூன்று பேரோ அதற்கு மேலோ என்றால் ஏறக்குறைய நான்கு மடங்கு. அதே வண்டியில் 35 வயதோ அதற்கு மேலோ உள்ள ஒருவர் இருந்தால் அபாயம் 62 சதவீதம் இறங்கிவிடுகிறது. பையன் அதேதான், வண்டி அதேதான், பக்கத்து சீட்டில் யார் என்பது மட்டும் மாறுகிறது.

இதைக் கெட்ட சகவாசம் என்று நினைத்துவிட வேண்டாம். பிலடெல்பியாவின் டெம்பிள் பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் லாரன்ஸ் ஸ்டைன்பர்க்கும் அவருடைய குழுவும் வண்டி ஓட்டும் ஒரு கணினி விளையாட்டை வைத்துச் சோதித்தார்கள். தனியாக ஆடும்போது பதின்வயதினரும் பெரியவர்களும் எடுத்த ஆபத்து கிட்டத்தட்ட ஒரே அளவு. நண்பர்கள் பார்த்துக்கொண்டிருந்தபோது பதின்வயதினர் எடுத்த ஆபத்து வெகுவாக ஏறியது, பெரியவர்களிடம் மாற்றமே இல்லை. பின்னர் மூளையைப் படம்பிடித்தபோது, நண்பர்கள் பார்க்கிறார்கள் என்று தெரிந்தவுடன் மகிழ்ச்சியைத் தேடும் பகுதி கூடுதலாகத் தூண்டப்படுவது தெரிந்தது. அதைக் கட்டுப்படுத்தி நிதானிக்க வைக்கிற நெற்றிப்பகுதி மூளை முழுதாக முதிர இருபதுகளின் நடுப்பகுதி ஆகிறது. நண்பர்கள் "வேகமாப் போடா" என்று சொல்ல வேண்டியதே இல்லை, கூட இருந்தாலே போதும். நல்ல பையனுக்கும் இது நடக்கும் என்பதை மகனிடம் மறக்காமல் சொல்லுங்கள், அவன் மீது நம்பிக்கை இல்லாமல் மறுக்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்ள மாட்டான்.

இரவுக்கு வருவோம். ஹெட்லைட் காட்டுகிற தூரத்துக்குள் நிறுத்த முடிகிற வேகத்தில்தான் ஓட்ட வேண்டும், புதியவருக்கு அந்தக் கணிப்பு இன்னும் வந்திருக்காது. அதோடு தூக்கமும் சேர்ந்துகொள்கிறது. 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் கவனமும் துலங்கல் வேகமும், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது உள்ளவரின் அளவுக்குக் குறைந்துவிடுகின்றன என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. பல நாடுகளில் ஓட்டுநருக்குச் சட்டம் அனுமதிக்கும் உச்ச அளவே அதுதான். காலை 6 மணிக்கு எழுந்தவனுக்கு இரவு 11 மணியோடு அந்த 17 மணி நேரம் முடிந்துவிடுகிறது. ஒரு சொட்டு மது தொடாத பிள்ளையும் அந்த நிலையில்தான் திரும்பி வருவான்.

இதையெல்லாம் பார்த்துத்தான் நியூசிலாந்து 1987-ல் படிப்படியான லைசென்ஸ் முறையைக் கொண்டுவந்தது. முதலில் பழகுநர் லைசென்ஸ். அடுத்தது கட்டுப்பாடுள்ள லைசென்ஸ்: இரவு 10 முதல் காலை 5 வரை தனியாக ஓட்டக் கூடாது, அனுபவமுள்ளவர் பக்கத்தில் இல்லாமல் நண்பர்களை ஏற்றக் கூடாது. அதைக் கடந்தால்தான் முழு லைசென்ஸ். 1990-களின் நடுவிலிருந்து அமெரிக்க மாநிலங்களும் ஒவ்வொன்றாக இதே வழிக்கு வந்தன, இளம் ஓட்டுநர்களின் விபத்துகள் தெளிவாகக் குறைந்தன. உங்கள் ஊர்ச் சட்டத்தில் இப்படி ஒன்று இல்லாவிட்டாலும் உங்கள் வீட்டுக்குள் இதை வைத்துக்கொள்ள யாரும் தடுக்க மாட்டார்கள்.

வேகத்தைப் பற்றி அறிவுரை சொன்னால் பிள்ளைகள் காதில் ஏறாது. ஒரு கணக்கைக் காட்டினால் ஏறும், என் வகுப்பில் பலமுறை பார்த்திருக்கிறேன். இரண்டு கார்கள் பக்கம் பக்கமாக வருகின்றன, ஒன்று மணிக்கு 50 கி.மீ., மற்றது 60. குறுக்கே ஒருவர் வருகிறார். இருவரும் ஒரே கணத்தில் பார்த்து, ஒரு நொடி கழித்து பிரேக்கை அழுத்துகிறார்கள். காய்ந்த நல்ல சாலையில் 50-ல் வந்த கார் சுமார் 28 மீட்டரில் நின்றுவிடும். அதே 28-வது மீட்டரில் 60-ல் வந்த கார் எந்த வேகத்தில் இருக்கும்? பெரும்பாலும் "பத்து" என்பார்கள். விடை, ஏறக்குறைய 40. அந்த ஒரு நொடியில் அது கூடுதலாக ஓடிவிடுகிறது, நிறுத்த வேண்டிய ஆற்றலும் வேகத்தின் வர்க்கத்தில் ஏறிவிடுகிறது. மகனையே தாளில் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், பள்ளி இயற்பியலே போதும். தானே போட்டு வந்த விடையை அவன் மறக்க மாட்டான்.

செல்போனுக்கும் அதே வழி. 80 கி.மீ. வேகத்தில் 5 நொடி திரையைப் பார்த்தால் 111 மீட்டரைக் கண்ணை மூடிக்கொண்டு கடந்ததற்குச் சமம். சைலன்ட்டில் போட்டு மடியில் வைப்பது தீர்வாகாது. வண்டி கிளம்பும் முன் போன் கைக்கு எட்டாத இடத்துக்குப் போய்விட வேண்டும். ஓட்டிக்கொண்டிருக்கிறான் என்று தெரிந்தால் நீங்களும் அழைக்காதீர்கள். அம்மா அழைக்கிறாள் என்பதற்காகவே போனை எடுத்து இடித்த பிள்ளையை எனக்குத் தெரியும்.

சீட் பெல்ட் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை, பின்சீட்டைத் தவிர. முன்னால் இருப்பவர்கள் போடுகிறார்கள், பின்னால் இருப்பவர்கள் போடுவதில்லை. மோதலில் பெல்ட் போடாத ஒருவரின் உடல், முன்னால் பெல்ட் போட்டவரின் முதுகில் வந்து மோதும். எல்லோரும் போட்ட பிறகே வண்டி நகரும் என்று ஓட்டுகிறவன் சொல்லிப் பழக வேண்டும். நண்பர்களிடம் அதைச் சொல்கிற துணிவு அவனுக்கு வந்துவிட்டதா என்பதையும் நான் ஒரு தேர்வாகவே பார்க்கிறேன். பைக் என்றால் ஹெல்மெட், கொக்கியை மாட்டி. தலைக்காய அபாயத்தை அது சுமார் 69 சதவீதம் குறைப்பதாகப் பல ஆய்வுகளைத் தொகுத்துக் கண்டிருக்கிறார்கள்.

பக்கத்தில் உட்காரும்போது நீங்கள் எப்படி இருக்க வேண்டும் என்பதையும் சொல்ல வேண்டும். கத்தாதீர்கள். "பிரேக், பிரேக்!" என்று நீங்கள் சொல்லச் சொல்ல அவன் கண் சாலையை விட்டு உங்கள் வாய்க்கு வந்துவிடும். திருத்த வேண்டியதை வண்டி நின்ற பிறகு, ஒரே ஒரு விஷயமாகச் சொல்லுங்கள். கட்டளையைவிடக் கேள்வி நன்றாக வேலை செய்யும்: "அந்தச் சந்திப்பில் யாரைப் பார்த்தாய்?", "முன்னால் போகிறவர் திடீரென்று நின்றால் எங்கே ஒதுங்குவாய்?" பிறகு, நீங்கள் ஓட்டுகிற விதம். பிள்ளை பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளாகப் பின்சீட்டிலிருந்து உங்களைப் பார்த்துக் கற்றிருக்கிறான். சிவப்பு விழுந்தபின் நுழைவது, ஹார்ன் அடித்துத் திட்டுவது எல்லாம் அவனுக்குத் தெரியும். அவற்றை நீங்கள் இன்று விட்டால்தான் நாளை அவனிடம் கேட்க முடியும்.

உங்கள் பயம் அதிகப்படியானது என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். உலகம் முழுவதும் 5 முதல் 29 வயது வரை உள்ளவர்களின் இறப்புக்கு முதல் காரணம் சாலை விபத்துதான் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. எந்த நோயும் அதற்கு முன்னால் இல்லை. அதற்காகச் சாவியைப் பூட்டி வைத்துவிட்டாலும் கண் பழகாது. ஓட்டாமல் கழிந்த ஆறு மாதம் அனுபவக் கணக்கில் சேராது.

சரி, மகனிடம் இப்படிப் பேசிப் பாருங்கள். முதல் இரண்டு மாதம் பகலில், தெரிந்த பாதையில், தனியாக எவ்வளவு வேண்டுமானாலும் ஓட்டட்டும். வாரத்தில் இரண்டு மூன்று நாள் இருட்டிலும் மழையிலும் நெடுஞ்சாலையிலும் நீங்களோ மனைவியோ பக்கத்தில் இருக்க ஓட்டட்டும். மழை வந்தால் பயிற்சியைத் தள்ளிப்போடாதீர்கள், அன்றுதான் கூட்டிப்போக வேண்டும். பிறகு ஒரு நண்பர், பகலில். நான்காவது ஐந்தாவது மாதத்தில் இரவு 9 மணி வரை. வண்டி நிறைய நண்பர்களோடு இரவுப் பயணம் ஒரு வருடம் கழித்து. இந்தப் படிகளைத் தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். எந்தப் படி எப்போது திறக்கும் என்று தெரிந்தால் அவன் காத்திருப்பான்.

இந்தச் சனிக்கிழமை நீங்கள் கூடப் போங்கள். போகும்போது அவன் ஓட்டட்டும், நீங்கள் முன்சீட்டில், நண்பர்கள் மூவரும் பெல்ட் போட்டுக்கொண்டு பின்னால். திரும்பும்போது நேரமாகியிருக்கும், நீங்கள் ஓட்டுங்கள். அதற்கு அவன் வெட்கப்பட்டால் வேறு வண்டியில் போகட்டும். எதுவானாலும் வீட்டை விட்டுக் கிளம்பும் முன் ஒன்றைச் சொல்லி அனுப்புங்கள்: ஓட்டுகிறவன் குடித்திருந்தாலோ தூக்கத்தில் இருந்தாலோ அந்த வண்டியில் ஏற வேண்டாம், எத்தனை மணிக்குக் கூப்பிட்டாலும் நான் வந்து கூட்டிப்போகிறேன், அன்றிரவு ஒரு கேள்வியும் கேட்க மாட்டேன். அவன் நிஜமாகவே இரவு 2 மணிக்குக் கூப்பிட்டால், காரில் ஏறியதும் தண்ணீர் பாட்டிலைக் கொடுங்கள், பேச வேண்டியதை மறுநாள் பேசிக்கொள்ளலாம்.